வெறும் வண்டி எடை

எங்கள் லேபில் ரத்த அணு எண்ணும் பெட்டி ஒன்று இருக்கிறது. பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கை அகலத்தில் ஐந்து பொத்தான் வைத்த இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டில் எந்த வகை வெள்ளையணு தெரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். நூறு ஆனதும் மணி அடிக்கும். பெரிய மெஷினும் உண்டு. ஆனால் அது வெள்ளையணுக்களை மூன்று கூட்டமாகத்தான் பிரிக்கும், மிச்சத்தைக் கண்ணால் எண்ணியாக வேண்டும். பெட்டியில் நான்காவது பொத்தான் ஈசினோபிலுக்கு. நூறு அணுவில் அது ரெண்டோ மூணோதான் வரும் என்பதால் அந்தப் பொத்தானுக்கு வேலையே கிடையாது. சும்மா கிடந்து கிடந்து இறுகிப்போய், கட்டைவிரலால் குத்தினால்தான் இறங்கும். நான் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் பெட்டியைத் துடைக்கும்போது மாமியார் தொட்டதுமே இறங்கினாள்.

யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மின்விசிறியில் விரல் தடிமனுக்கு அழுக்கு தொங்குகிற இடம் அது. அங்கே யார் உட்கார்ந்து ஒரு பொத்தானுக்கு எண்ணெய் விடப்போகிறார்கள்? அழுத்தி அழுத்தி இளகியிருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லேபில் நாங்கள் ரெண்டே பேர். அக்கா எண்ணுவாள், நான் ரத்தம் எடுப்பேன், சாயம் போடுவேன், கண்ணாடி கழுவுவேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பதினோரு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டதில் ஆன அக்கா. கையால் எண்ணினால் ரெண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சுவரில் காகிதம் ஒட்டியிருக்கும். பதினோரு வருஷத்தில் நான் எண்ணியது பதினோரு தடவைகூட இருக்காது. அவள் எண்ணி முடித்து, “போட்டுக்கவாடி?” என்பாள். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, “நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும், கொண்டா” என்று கையெழுத்தைக் கிறுக்குவேன். அக்கா ஒரு அணுவைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. அவள் புருஷன் ரத்தம் வருகிற வரைக்கும்.

அவள் புருஷன் எடைமேடைக்காரர். ஜல்லி உடைக்கிற இடத்துக்கு வெளியே லாரி எடை போடும் மேடையும் ஒரு சின்ன அறையும். அங்கே இருபத்தாறு வருஷம். டிரைவர்கள் அவரைக் கிலோ என்பார்கள். எனக்குக் கிலோ மாமா. லாரி மேடையில் ஏறியதும் திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். “இருபத்தெட்டு டன் சொச்சம்” என்பார். திரையில் இருபத்தெட்டே சொச்சம் விழும். தரை அதிர்வதிலேயே தெரிந்துவிடும் என்பார். எத்தனையோ பேர் எடையைக் குறைத்துப் போடச்சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். மனுஷன் அசைந்ததில்லை.

அந்தக் குதிகாலில்தான் வந்தது. கறுப்பாக, மிளகளவில். கல் குத்தியது, ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஒன்றரை வருஷம் பிளேடால் சீவிச் சீவி எறிந்திருக்கிறார். தோலில் வருகிற புற்றில் அதுதான் பொல்லாததாம். கண்டுபிடித்தபோது தொடை இடுக்கில் கட்டி, நுரையீரலில் ரெண்டு புள்ளி. குதிகாலைச் செதுக்கி எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ரெண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், நரம்பு வழியாக. ஒவ்வொரு ஊசிக்கும் முந்தின நாள் ரத்தம் மட்டும் எங்கள் லேபில் பார்த்து அனுப்ப வேண்டும்.

இந்த ஊசி புற்றைக் கொல்லாதாம். உடம்பின் சொந்தக் காவலை அவிழ்த்துவிடுமாம், அது போய்ப் புற்றைத் தின்னுமாம். அக்கா இதை எனக்குச் சொன்னபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அவிழ்த்துவிட்டதைத் திரும்பக் கட்டுவது யார் என்று கேட்க வாய் வந்தது. என் வாயையும் ஒரு நாள் அடக்கினேன்.

ஏழாவது ஊசிக்கு முந்தின நாள். காலையில் மாமாவுக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். எடுத்த கையோடு அவர் எடைமேடைக்குத் திரும்பிப் போய்விட்டார். மதியம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை என் கையில் திணித்தாள்.

“ரொட்டியும் முட்டையும் வெச்சிருக்கேன். சூப் சூடா இருக்கு, சாய்ச்சுடாத. அவர் நொண்டிக்கிட்டுக் கடைக்குப் போவாரு, நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடு.”

“நீயே போயேன். புருஷன் உன்னோடதா என்னோடதா?”

“எனக்கு எண்ண வேண்டியது இருக்குடி” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. எடைமேடை அறைக்குள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. மேஜை, நாள்காட்டி, தண்ணீர்க் குடம், மாமாவின் சட்டை. அவர் இடது புருவத்திலும் தூசி அப்பியிருந்தது.

“மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு உக்காரக் கூடாதா மாமா?” பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து நானே துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன்.

“அது தூசி இல்ல, வாயாடி. முடியே வெளுத்துடுச்சு. இமையைப் பாரு.”

பார்த்தேன். ஒரு கண்ணின் இமைமுடி முழுக்க வெள்ளை. கையை நீட்டினார். மணிக்கட்டில் காசு காசாகத் தோல் நிறம் போயிருந்தது. காலையில் ரத்தம் எடுத்தபோது நான் நரம்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“கறுப்பு நிறத்தைத் தேடித் தேடித் தின்னுதாம். புற்றும் கறுப்பு, தோலும் கறுப்பு. அதுக்கு வித்தியாசம் தெரியல. வேலை நடக்குதுன்னுதான் அர்த்தமாம்.” சிரித்தார். பாதி முகத்தில் வேறு யாரோ சிரித்ததுபோல இருந்தது.

ஒரு லாரி ஏறியது. கண்ணாடி ஜன்னல் கிடுகிடுவென்று ஆடியது. மாமா திரையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுத்தார். எல்லாரையும் போலத் திரையைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

“இப்பல்லாம் சொல்றது இல்லியா?”

“குதிகால் போனதோட அதுவும் போச்சு. தரை எனக்குச் செத்துப்போச்சு.” சூப்பைக் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். “இப்ப வேற ஒண்ணு கேக்குது.”

“என்னது?”

“உள்ள. லோடு ஏறின வண்டி நின்னுக்கிட்டு இருந்தாலும் ஒரு கனம் தெரியும் பாரு, அந்த மாதிரி. மூணாவது ஊசிக்கு அப்புறம் ஆரம்பிச்சுது. உள்ள ஆள் நடமாட்டம். மொதல்ல கொஞ்சம் பேரு. அப்புறம் கூட்டம். ராத்திரி பகல்னு இல்ல, நடந்துக்கிட்டே இருக்கு. எங்கயோ போவுது, எதையோ தேடுது. எனக்கு அரிப்புன்னு சொல்றேனே, அது தோல் அரிப்பு இல்ல.”

“பயமுறுத்தாதீங்க மாமா. சாப்பிடுங்க.”

“கேளு. உங்கக்கா ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, ஈசினோபில் நாலுதான், அஞ்சுதான்னு சொல்றா. நான் சரிங்கறேன்.” மேஜை இழுப்பறையைத் திறந்தார். எடைச்சீட்டுகள் நாலு, கிளிப் போட்டு வைத்திருந்தார். “இதப் பாரு.”

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பழக்கமான சீட்டுதான். மேலே மெஷின் அச்சடிக்கும் தேதி, நேரம். கீழே மூன்று வரி. லோடு வண்டி, வெறும் வண்டி, சரக்கு. லோடு எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் சரக்கு. நாலு சீட்டிலும் லோடு வண்டி சைபர், வெறும் வண்டி சைபர். மேடையில் எதுவும் நிற்காதபோது அடித்தவை. சரக்கு என்ற வரிக்கு எதிரே மட்டும் மாமா பேனாவால் எழுதியிருந்தார். பன்னிரண்டு. இருபத்தெட்டு. நாற்பத்துநாலு. நாலாவது சீட்டில் அன்றைய தேதி, காலை ஏழு மணி ஐந்து நிமிஷம். நான் அவர் கையில் ரத்தம் எடுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால். அறுபத்தொன்று.

நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“என்ன மாமா இது?”

“நூத்துல எத்தனைன்னு. எனக்குத் தோணினது. நான் சொல்றது தப்பா இருந்தா கிழிச்சுப் போட்டுடு, எனக்குப் பைத்தியம்னு சொல்லிடு. சரியா இருந்தா...” நிறுத்தினார். “இருபத்தாறு வருஷம் ஒருத்தனுக்கும் நான் எடையைக் குறைச்சுப் போட்டது இல்ல. எனக்கே என் வீட்டுல குறைச்சுப் போடுறா. கேக்க வாய் வரமாட்டேங்குது. அவளுக்கு இப்ப கையில இருக்கறது அது ஒண்ணுதான். நீ ஒரு தடவை எண்ணிப் பாரு வாயாடி. ரெண்டாவது கையெழுத்து உன்னோடதுதானே?”

அந்தக் கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சீட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

லேபில் அக்கா இல்லை, பின்பக்கம் கை கழுவும் சத்தம் கேட்டது. மைக்ராஸ்கோப்பில் மாமாவின் கண்ணாடித் துண்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் அறிக்கைத் தாள். ஈசினோபில்: ஐந்து. அவள் கையெழுத்து போட்டாகிவிட்டது. எனக்கான இடம் காலியாக இருந்தது. எழுதினது பொய், ஆனால் பெட்டியை அவள் இன்னும் அழித்து வைக்கவில்லை. நான்காவது பொத்தானுக்கு மேலே சின்ன ஜன்னலில் எண் நின்றிருந்தது. அதைப் பார்க்காமல் கையால் மறைத்து அழித்தேன். நானே எண்ண வேண்டும் என்று ஒரு வெறி.

கண்ணை வைத்தேன்.

இந்த அணுவை நான் பார்க்காதவள் இல்லை. உடம்பெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பில் மணிமணியாக, நடுவே மூக்குக்கண்ணாடி போட்டதுபோல ரெண்டு ஊதா உருண்டை. அத்தி பூத்தாற்போல் ஒன்று தென்படும், அழகாக இருக்கும். இங்கே வட்டம் முழுக்க அதுவே. நகர்த்தினேன், அடுத்த வட்டத்திலும் அதுவே. திரும்பின பக்கமெல்லாம் ஜோடி ஜோடியாக ஊதாக் கண்கள். செத்த அணுக்கள், சாயம் போட்டுக் காயவைத்தவை, அசைய முடியாதவை. என் கையே அதைச் செய்தது. ஆனாலும் நான் கண்ணைச் சிமிட்டித் திறக்கும்போதெல்லாம் ஒரு அடி கிட்ட வந்து நிற்பதாகத் தோன்றியது. மாமியார் விரலுக்கு அடியில் வெண்ணெயாக இறங்கிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது.

அறுபத்தொன்று.

“எண்ணிட்டியா?” அக்கா வாசலில் நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எத்தனை மாசமாக்கா?”

“நாலாவது ஊசியில இருந்து.”

“என் கையெழுத்தும் அதுல இருக்குக்கா! நாலு, அஞ்சுன்னு நீ எழுதி, நானும் ஆமா சாமின்னு போட்டிருக்கேன்!”

“மெதுவாப் பேசு.” உள்ளே வந்து உட்கார்ந்தாள். “இருபதைத் தாண்டினா ஊசி போடுறதுக்கு முன்னாடி சொல்லணும்னு ஆஸ்பத்திரித் தாள்ல போட்டிருக்கு. சொன்னா நிறுத்துவாங்க. ரெண்டாவது ஊசியை, ஈரல் சரியில்லன்னு அஞ்சு வாரம் தள்ளி வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நெல்லிக்காயா இருந்த கட்டி எலுமிச்சம்பழம் ஆச்சு. நான் தினம் தொட்டுப் பாத்தேன்டி. தினம். என் விரலுக்குக் கீழ வளந்துது. இப்ப கரையுது. போன வாரம் தேடினேன், கிடைக்கல. கிடைக்கலடி! இதை எப்படி நான் நிறுத்தச் சொல்லுவேன்?”

“இத்தனை ஈசினோபில்... இது போய் நெஞ்சுல உக்காந்தா? லேப் டாக்டரம்மா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க?”

“தெரியும். உன்னைவிட எனக்குத் தெரியும்.” என் கையைப் பிடித்தாள். ஈரமாக, ஐஸாக இருந்தது. “இன்னும் ஒண்ணு. நாளைக்கு ஒரே ஒரு ஊசி. அப்புறம் நானே சொல்லிடறேன். எம்மேல சத்தியம். இந்த ஒரு தடவை போட்டுடு.”

மறைப்பானேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கட்டி கரைகிறது என்கிறாள், பதினோரு வருஷம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டினவள். ஒரு கிறுக்கல்தானே? பேனாகூடக் கையில் இருந்தது.

பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேஜையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன்.

அக்கா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு தேதியைப் படித்தாள். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டாள். பன்னிரண்டில் விரல் நின்றது. இருபத்தெட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கயும் எழுதி வைக்கல. எண்ணினதும் அழிச்சுடுவேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவருக்கு எப்படித் தெரியும்?”

“கேக்குதாம்.”

“தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே, பாவி மனுஷன்!” சீட்டுகளை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். நான் கதவைச் சாத்தினேன். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஐந்தை அடித்துவிட்டு அறுபத்தொன்று என்று அவளே எழுதினாள். பழைய மூன்று எண்ணையும் கீழே எழுதி, இவற்றை மாற்றி எழுதியது நான் என்று ஒரு வரி சேர்த்தாள். என்னிடம் நீட்டினாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நானே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை அது.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஊசி டாக்டர் தாளைப் படித்தார். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. உடனே மாமாவை இதயத்துக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன் எடுக்க அனுப்பினார். சாயந்திரம் எங்களைக் கூப்பிட்டு ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நுரையீரல்ல இருந்த புள்ளி ரெண்டும் இல்ல. தொடையில கட்டியும் இல்ல” என்றார். அக்கா என் தோளைப் பிடித்தாள். “இந்த அணு ஏறினா மருந்து வேலை செய்யுதுன்னு சிலருக்கு அர்த்தம். ஆனா இவ்வளவு ஏறக் கூடாது. இதயச் சுவர்ல வீக்கம் ஆரம்பிச்சிருக்கு. இப்பதான் தொட்டிருக்கு. மருந்து குடுத்தா அடங்கிடும்னு நினைக்கிறேன்.”

“நாளைக்குச் சொல்லலாம்னு இன்னைக்கு ஊசி போட்டிருந்தா?” நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

டாக்டர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதான் போடலியே” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

லேபில் அக்காவுக்கு ஒரு மாதம் வேலையில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. அது நியாயம்தான்.

ஊசி நின்றது. மாமாவுக்கு அந்தக் காவலை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் எண்ணினால் நூறில் ஒன்றுகூட இல்லை. சைபர். சொல்லப் போனேன். வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மாமா நாற்காலியில் குனிந்து, தரையில் காதை வைப்பவர்போல உட்கார்ந்திருந்தார். வெளியே தெருவில் தண்ணி வண்டி போனது. திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“எல்லாரும் போயிட்டாங்க” என்றார்.

“யாரு மாமா?”

“உள்ள இருந்தவங்க. சொல்லாமக் கொள்ளாம. முந்தாநாள் வரைக்கும் ஜேஜேன்னு இருந்துது. இப்ப கதவு தொறந்து கெடக்கு, உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. இருட்டுல அந்தக் கறுப்பு திரும்ப வந்து நின்னா யாரு கேப்பா?”

அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டின் அமைதி எனக்கும் பிடிக்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். நாலு மாதம். மழை வந்து ஜல்லித் தூசியெல்லாம் சேறானது. இதயம் சரியாகிவிட்டது என்றார்கள். மாத்திரை நின்று மூன்றாவது வாரம் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். மாமாவே நொண்டிக்கொண்டு லேபுக்கு வந்தார். புருவம் வெள்ளையாகவே இருந்தது. கை நீட்டும் முன்னால் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த எடைச்சீட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, அதன் மேல் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

“எண்ணி முடிச்சுட்டுப் பாருங்க.”

அக்கா உட்கார்ந்தாள். திரும்ப வேலைக்கு வந்த பிறகு அவள் விரல் முன்னைப்போல வேகமாக ஓடுவதில்லை. மணி அடித்ததும் எண்ணைத் தன் கையால் மறைத்து, தனித் தாளில் குறித்துக் கவிழ்த்தாள். பெட்டியை அழித்துவிட்டு எழுந்தாள். “நீ எண்ணு.”

நான் எண்ணினேன். மாமியார் ரெண்டு தடவை இறங்கினாள். மறுபடி இறுகத் தொடங்கியிருந்தாள், குத்த வேண்டியிருந்தது. எழுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்றேழாவதாக இன்னொன்று, ரெண்டு ஊதாக் கண்ணோடு. மணி அடித்தது. மூன்று. அக்கா தாளைத் திருப்பினாள். மூன்று.

எனக்கும் உங்களுக்கும் இருப்பதுதான் மூன்று.

சீட்டைப் பிரித்தேன். லோடு வண்டி சைபர். வெறும் வண்டிக்கு எதிரே, நான் என்று எழுதியிருந்தார். சரக்கு என்ற வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. பேனாவை வைத்து வெகுநேரம் காத்திருந்த ஒரு மைப்புள்ளி மட்டும் இருந்தது.

“ஒண்ணும் கேக்கல” என்றார் மாமா. “காலையில இருந்து உக்காந்து பாத்தேன். உங்க எல்லாரையும் மாதிரி ஆயிட்டேன்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அது திரும்ப வந்தாக்கூட எனக்குத் தெரியாது போலருக்கே, வாயாடி. அப்ப எப்படி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

“அதுக்குத்தானே ரெண்டு பேர் எண்ணுறோம்” என்றாள்.

நான் என் பேரைக் கிறுக்காமல், எழுத்து எழுத்தாக எழுதினேன்.